அப்டேட் அன்று சந்தைக்குப் போனால் லேட்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் விளக்கு வைக்கிற நேரமும் ஈவ் ஆன்லைன் என்ற கேமின் சர்வர் படுக்கிற நேரமும் ஒன்று. உலக நேரப்படி காலை 11 மணிக்கு அதைத் தினமும் சில நிமிடம் நிறுத்துவார்கள். நமக்கு அது மாலை 7. அக்கா ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருக்கும்போது அவள் மகன் வேறு வேலை இல்லாமல் லேப்டாப்பை மூடிவிட்டு என் பக்கம் வருவான். அப்படி வந்தவன் ஒருநாள், "மாமா, நாளைக்குப் பெரிய அப்டேட். மெகாசைட் வாங்கிப் போடலாமா?" என்று கேட்டான். மெகாசைட் அந்தக் கேமில் கப்பல் கட்டத் தேவைப்படுகிற ஒரு தாது.

"வாங்கலாம்டா. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா."

அவன் முகம் சுருங்கிவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்கப் போய் அன்று இரவு பதினொரு மணி ஆனது. அந்தப் பேச்சைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு அறிமுகம். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட விண்வெளி விளையாட்டு ஈவ். உலகம் முழுக்க இருக்கிற ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே சர்வரில், ஒரே பிரபஞ்சத்தில் ஆடுகிறார்கள். சர்வர் விநாடிக்கு ஒருமுறைதான் கணக்குப் போடும் என்பதால், லண்டனில் இருக்கிற அதற்கும் நமக்கும் நடுவே உள்ள தூரம் பெரிதாகத் தொந்தரவு தராது. துப்பாக்கி கேம்களில் எஸ்டேட் பட்டணத்து இணையத்தோடு மல்லுக்கட்டித் தோற்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல். அதைவிட முக்கியம், இங்கே பறக்கிற கப்பல்களில் பெரும்பாலானவை யாரோ ஒரு ஆட்டக்காரர் தாது தோண்டி, உருக்கி, கட்டி, சந்தையில் விற்றவை. சுடப்பட்டால் கப்பல் போனது போனதுதான். ஜிட்டா என்ற நட்சத்திர மண்டலத்தில் கூடுகிற சந்தைதான் இந்த உலகத்தின் பெரிய பசார். அங்கே இஸ்க் என்ற நாணயத்தில் விலை சொல்வது கம்பெனி அல்ல, வாங்குகிறவனும் விற்கிறவனும்தான்.

அப்படியானால் கம்பெனியின் கையில் என்ன இருக்கிறது? தாது எங்கே கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும், எந்தக் கப்பலுக்கு எது எத்தனை வேண்டும், எதைச் சுட்டால் எவ்வளவு இஸ்க் புதிதாகப் பிறக்கும் என்பதையெல்லாம் அது தீர்மானிக்கிறது. விலையை அது தொடுவதில்லை. விலைக்கு அடியில் இருக்கிற மண்ணைத்தான் மாற்றுகிறது. தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இது புதிதா என்ன? கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், இலை உதிர்க்கிற மாதங்களில் பால் குறையும். கோப்பையில் விழுகிற பாலைப் பார்த்தே வீட்டில் அந்த மாதச் செலவைச் சுருக்கிவிடுவார்கள். மரம் ஒரு அப்டேட் போட்டது, அவ்வளவுதான்.

இதற்கு நல்ல உதாரணம் 2012 ஏப்ரல். அதுவரை வரைபடத்தின் ஒரு மூலையில் இருந்த தானியங்கி எதிரிகளைச் சுட்டால் பணத்துக்குப் பதிலாக ஒரு உலோகக் கழிவு விழும். அதை உருக்கினால் தாது. அதாவது சுடுகிறவனும் தெரிந்தோ தெரியாமலோ ஒரு சுரங்கத் தொழிலாளிதான். அந்த அப்டேட்டில் கழிவை நிறுத்திவிட்டு ரொக்கப் பரிசாக மாற்றினார்கள். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் ஒரே அடியில் தாது வரத்து குறைந்தது, இஸ்க் வரத்து கூடியது. பொருள் குறைந்து பணம் கூடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தாது விலை ஏறியது, கப்பல் விலை ஏறியது, யாரும் மதிக்காத சுரங்கக்காரனுக்குத் திடீரென்று மரியாதை வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த கதை நிலவுத் தாதுவினுடையது. பதினைந்து வருஷத்துக் கதை. அதைச் சொல்லும்போது என்னால் பால் மரத்தை நினைக்காமல் இருக்க முடியாது.

ஈவில் உயர்தரக் கருவிகளுக்கும் கப்பல்களுக்கும் நிலவுகளிலிருந்து எடுக்கிற தாதுக்கள் வேண்டும். 2009 டிசம்பரில் வந்த டொமினியன் என்ற அப்டேட் அவற்றின் செய்முறைகளை மாற்றியது. எதற்கு எது எத்தனை என்ற எண்கள் மாறியதில், அதுவரை சாதாரணமாக இருந்த டெக்னீஷியம் என்ற தாது முட்டுக்கட்டைப் பொருளாகிவிட்டது. அது இல்லாமல் ஒன்றும் நகராது. டெக்னீஷியம் உள்ள நிலவுகளோ வரைபடத்தின் வட பகுதியில்தான் குவிந்து கிடந்தன. அப்போதெல்லாம் நிலவில் ஒரு கோபுரத்தை நட்டு எரிபொருள் ஊற்றினால் போதும், அது பாட்டுக்குத் தாது எடுக்கும். ஆளே வேண்டாம். ஆகவே வடக்கைப் பிடித்தவன் தூங்கினாலும் பணக்காரன். ஆட்டக்காரர்கள் சேர்ந்து அமைத்த பெரிய கூட்டணிகளின் போர்த் திட்டமெல்லாம் வடக்கு நோக்கித் திரும்பியது. எந்த மண்டலம் கேந்திரம், எது சும்மா வெற்றிடம் என்பதை அந்தச் செய்முறை எண்கள்தான் தீர்மானித்தன. தளபதிகள் அதற்குப் பின்னால் ஓடினார்கள்.

2012-இல் இன்னும் ஒரு படி. ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டிருந்த கூட்டணிகள் உட்கார்ந்து பேசி, டெக்னீஷியத்தை விலை குறைத்து விற்பதில்லை என்று ஒப்பந்தம் போட்டன. எண்ணெய் நாடுகளின் ஒபெக் அமைப்பைக் கிண்டலடிக்கிற மாதிரி அதற்கு ஓடெக் என்று பெயர் வைத்தார்கள்.

நம் ஊர் இதை எப்போதோ பார்த்துவிட்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு ரப்பர் விலை சரிந்தபோது, 1922-இல் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகிற ரப்பரைக் கட்டுப்படுத்தியது. விலை ஏறத்தான் செய்தது. ஆனால் பக்கத்திலேயே இருந்த டச்சுக்காரர்களின் இந்தோனேசியா அதில் சேரவில்லை. அங்கே நட்டுத் தள்ளினார்கள். அமெரிக்கக் கம்பெனிகள் கோபத்தில் லைபீரியாவிலும் பிரேசிலிலும் தோட்டம் போடப் போயின. 1928-இல் திட்டத்தையே கைவிட வேண்டியதாயிற்று. பிற்பாடு இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும், அமெரிக்கா ஆலையிலேயே செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. விலையை மேலே பிடித்து நிறுத்தினால் ஒருவன் வேறு நிலம் தேடுவான், இன்னொருவன் வேறு பொருள் தேடுவான்.

ஈவில் இந்த இரண்டையும் அப்டேட்டே செய்து கொடுத்தது. 2012-இலேயே கோபால்ட் மாதிரியான மலிவுத் தாதுவைக் கொண்டு அதே பொருளைச் செய்கிற ரசவாத முறை வந்தது. வீணாகிற பங்கு அதிகம்தான், ஆனால் டெக்னீஷியம் ஒரு அளவுக்கு மேல் விலை ஏறினால் ரசவாதம் லாபம் என்றாகிவிட்டது. விலைக்கு ஒரு கூரை போட்டாயிற்று. 2013 ஜூனில் ஒடிசி அப்டேட் நிலவுத் தாதுக்களின் தேவையையும் இருப்பிடத்தையும் மறுபடி கலைத்துப் போட்டது. ஓடெக்கின் கதை அதோடு முடிந்தது.

எனக்கும் அதில் ஒரு அடி உண்டு. ஒடிசிக்கு முன்னால் விலை கொஞ்சம் இறங்கியதைப் பார்த்து, "மலிவாகக் கிடைக்குதே" என்று கையிலிருந்த இஸ்க் அத்தனைக்கும் டெக்னீஷியம் வாங்கினேன். அது ஏன் இறங்குகிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. அறிவிப்பைப் படித்தவர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள், படிக்காத நான் வாங்கிக்கொண்டிருந்தேன். யாரையும் குறை சொல்ல முடியாது. சரக்கு வெகுநாள் என் கிடங்கிலேயே கிடந்தது. கடைசியில் என்ன விலைக்கு விற்றேன் என்று அக்கா மகனிடம்கூடச் சொன்னதில்லை.

2017 அக்டோபரில் வந்த லைஃப்பிளட் அப்டேட் இதையெல்லாம்விடப் பெரிய வெட்டு. கோபுரம் நட்டுத் தூங்குகிற பழக்கத்துக்கு முற்றுப்புள்ளி. அதன்பின் நிலவிலிருந்து ஒரு பெரிய பாறைத் துண்டை மேலே இழுத்து, உடைத்து, சிதறிய துண்டுகளை ஆட்களே கப்பலில் போய் வெட்ட வேண்டும். ஒரே இரவில் கூட்டணிகளின் கணக்கு மாறியது. முன்பு நிலவைப் பிடிக்கச் சண்டைக்காரன் போதும். இப்போது பிடித்த நிலவில் வேலை செய்ய ஆள் வேண்டும், அந்த ஆளுக்குப் பாதுகாப்பு வேண்டும், அவன் வெட்டியதில் வரி எவ்வளவு என்று பேச ஒரு கிராணி வேண்டும். தோட்டத்தில் வேலை வாங்குகிற மண்டோர் இல்லாத குறைதான்! சுரங்கக்காரர்களை வா வா என்று சேர்த்துக்கொண்ட கூட்டணிகள் இதில் பிழைத்தன. சண்டைக்காரர்களை மட்டும் வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள்.

2024 ஜூனில் ஈக்வினாக்ஸ் அதைப் பாதி திருப்பிப் போட்டது. மெட்டனாக்ஸ் என்ற துளைக்கருவியை நிலவில் பொருத்தி எரிபொருளும் மாக்மாட்டிக் வாயுவும் போட்டால் அது தானாக எடுக்கும். ஆள் வைத்து எடுப்பதைவிட விளைச்சல் குறைவு. ஆனாலும் ஆள் இல்லையே. அந்த வாயுவோ கிரகங்களுக்கு மேலே கட்டுகிற கொக்கி நிலையங்களிலிருந்து வர வேண்டும்; அவற்றில் எதிரி புகுந்து திருடலாம். நிலவைக் காத்தவர்கள் இப்போது கிரகத்தையும் காக்க வேண்டும். சின்னச் சின்னக் கொள்ளைக் கூட்டங்களுக்குப் பல வருஷம் கழித்து ஒரு பிழைப்புக் கிடைத்தது.

விலை மட்டுமல்ல, போரையே அப்டேட் எப்படி உறைய வைக்கும் என்பதற்கு இன்னொரு சங்கிலி. 2014 ஜனவரியில் பி-ஆர் என்று சுருக்கிச் சொல்கிற மண்டலத்தில் நடந்த சண்டையில் 75 டைட்டன்கள் அழிந்தன. டைட்டன்தான் இருப்பதிலேயே பெரிய கப்பல். அப்போது உலகப் பத்திரிகைகளே அதை எழுதின. 2016 நவம்பரில் வந்த அசென்ஷன் அப்டேட், ரோர்குவல் என்ற பெரிய சுரங்கக் கப்பலைத் தாது தின்கிற பூதமாக்கியது. தாது வெள்ளமாக வந்தது, கப்பல் விலை விழுந்தது, டைட்டன்கள் கொசு மாதிரி பெருகின. 2020 டிசம்பர் கடைசியில் எம்2 மண்டலச் சண்டையில் ஒரே மூச்சில் 257 டைட்டன்கள் போயின. 75-க்கும் 257-க்கும் நடுவே மனிதர்களின் வீரம் மூன்று மடங்கு ஆகிவிடவில்லை, தாதுதான் மலிந்திருந்தது.

ஆனால் அந்த எம்2 சண்டை நடக்கும்போதே காற்று மாறியிருந்தது. 2020-இலிருந்து கம்பெனி வேண்டுமென்றே பஞ்சத்தைக் கொண்டுவந்தது. எந்தத் தாது எந்தப் பகுதியில் என்று பிரித்தது, மொத்த அளவைக் குறைத்தது, ரோர்குவலின் பல்லைப் பிடுங்கியது. 2021 ஏப்ரலில் பெரிய கப்பல்களின் செய்முறைகளையும் மாற்றி, வாயு, நிலவுத் தாது, கிரகப் பொருள் எல்லாம் சேர்த்தால்தான் கட்ட முடியும் என்றாக்கியது. டைட்டன் கட்டுகிற செலவு பல மடங்கு ஏறியது. கையில் ஏற்கெனவே டைட்டன் வைத்திருந்தவனுக்கு அது தாத்தா நகை மாதிரி ஆகிவிட்டது. போட்டுக்கொண்டு வெளியே போகப் பயம். எம்2 சண்டை நடந்த அந்தப் பெரும் போர் 2021 ஆகஸ்டில் படையெடுத்து வந்தவர்களின் பின்வாங்கலோடு முடிந்தது. கப்பலை மறுபடி கட்ட முடியாது என்ற பயம் ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கு ஒவ்வொரு தளபதியின் மேஜையிலும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். புதிதாக வந்தவர்களுக்கோ இது கொடுமை. மலிவுக் காலத்தில் பத்து டைட்டன் கட்டி வைத்தவனுக்கும் இப்போது ஒன்று கட்டப் பாடுபடுகிறவனுக்கும் நடுவே விழுந்த பள்ளத்தை எந்த அப்டேட்டும் இன்னும் நிரப்பவில்லை.

அப்டேட் எழுதுகிறவர்களும் ஏமாறுவது உண்டு. 2012-இல் இன்ஃபெர்னோ வந்தபோது, எதிரிப் படைக் கப்பலை அழித்தால் அழிந்த சரக்கின் சந்தை விலையை ஒட்டிப் புள்ளிகள் தருவதாக வைத்தார்கள். ஐந்து பேர் என்ன செய்தார்கள் தெரியுமா? யாரும் சீண்டாத பொருள்களின் விலையைத் தாங்களே சந்தையில் உயர்த்தி, அவற்றைத் தங்கள் கப்பலிலேயே ஏற்றி, தாங்களே சுட்டுக்கொண்டார்கள். புள்ளிகள் கொட்டின. சேர்த்தது 5 டிரில்லியன் இஸ்க் அளவுக்கு. கம்பெனி பிறகு பிடுங்கிக்கொண்டது. ஆனால் இத்தனைக்கும் 2007-லேயே ஒரு பொருளாதார நிபுணரை முழுநேர வேலைக்கு வைத்த கம்பெனி அது!

2019 ஜூலையில் வேறு மாதிரி ஒரு சோதனை. சட்டமில்லாத எல்லைப் பகுதிகளில், ஒரு மண்டலத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டுகிற பட்டியலை எடுத்துவிட்டார்கள். எந்தத் தாதுவின் எண்ணையும் தொடவில்லை. ஆனால் எதிரி வருவது தெரியாததால் சுரங்கக்காரர்கள் வெளியே தலை காட்டவில்லை, விளையாட வருகிறவர்களின் எண்ணிக்கையே குறைந்தது. செப்டம்பரில் பட்டியல் திரும்பி வந்தது. தகவலும் ஒரு சரக்குதான்.

மற்ற விண்வெளி கேம்களில் இந்த அளவு ஆழம் கிடையாது, ஆனால் நாடி ஒன்றுதான். எலீட் டேஞ்சரஸில் 2018 டிசம்பரில் சிறுகோளை வெடி வைத்துப் பிளக்கிற முறை வந்ததும் வாய்ட் ஓப்பல் என்ற கல் டன்னுக்குப் பத்து லட்சம் கிரெடிட்டைத் தாண்டி விற்றது. வாணிபம், வேட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊரே கல்லுடைக்கப் போனது. அதே கேமில் 2025 பிப்ரவரியில் ஆட்டக்காரர்களே புது மண்டலங்களில் நிலையம் கட்டலாம் என்றானதும், யாரும் திரும்பிப் பார்க்காத எஃகுக்கும் அலுமினியத்துக்கும் கிராக்கி வந்துவிட்டது. வார்ஃபிரேமில் பிரைம் என்ற உயர்ரகப் பொருள்களில் பழையவற்றைக் கிடைக்காமல் பூட்டி வைப்பார்கள், விலை ஏறும்; திறந்து விடுவார்கள், விழும். நோ மேன்ஸ் ஸ்கையின் பருவப் பயணங்களில் எல்லோரும் ஒன்றுமில்லாமல் ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். அங்கே ஆட்டக்காரர்களுக்குள் சந்தை கிடையாது என்பதால் பரிசுப் பொருளுக்கு ஆசைதான் உண்டு, விலை இல்லை. நானெல்லாம் சைபர் கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஓகேம் என்ற பழைய விண்வெளி கேம் ஆடிய காலத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தவன். அங்கே புதுப் பிரபஞ்சம் திறக்கிற நாள்தான் பருவம். முதல் வாரத்தில் உலோகத்துக்கு இருக்கிற மதிப்பு மூன்றாவது மாதத்தில் எரிபொருளான டியூட்டீரியத்துக்குப் போய்விடும்.

சரி, மெகாசைட்டுக்கு வருவோம். ஒரு அப்டேட் விலையை ஒரே தடவை அசைப்பதில்லை. மாற்றம் அறிவிக்கப்பட்ட நாளில் ஒரு அசைவு. சோதனைச் சர்வரில் எண்கள் வெளியானதும் இன்னொன்று. பெரிய கைகள் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சரக்கைச் சேர்த்துவிடும். அப்டேட் நாளன்று, உங்களையும் என்னையும் போன்றவர்கள் ஓடிப்போய் வாங்குவார்கள். சேர்த்தவர்கள் அன்றுதான் விற்பார்கள். அப்புறம் சில வாரம் கழித்து, ஜனங்கள் புது வழக்கத்துக்குப் பழகிய பிறகு, உண்மையான விலை வரும். அது பெரும்பாலும் அறிவிப்புக் கால விலையைப் போலவும் இருக்காது, அப்டேட் நாள் விலையைப் போலவும் இருக்காது.

அவனுக்குப் புரிய வைக்க 2022-ஐச் சொன்னேன். அந்த வருஷம் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. ஏப்ரல் 28-இல் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியது. ஆகா, இனி நம் குலைக்குத்தான் காலம் என்று ஊரே பேசியது. மே 23-இல் தடை நீங்கியது. ஜூலைக்குள் விலை 4,000-க்குக் கீழே போய்விட்டது. தடையை நம்பி உரம் கடனுக்கு வாங்கியவர்களின் பேச்சைச் சாப்பாட்டுக் கடையில் அவனும் கேட்டிருக்கிறான்.

இதெல்லாம் விளையாட்டுக் காசுதானே என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. ஈவின் மாதச் சந்தா 2022 மே மாதம் 14.95 டாலரிலிருந்து 19.99 டாலர் ஆனது. ரிங்கிட்டுக்கு மாற்றினால், படிக்கிற பையனால் அதைக் கட்ட முடியாது. ஆனால் பிளெக்ஸ் என்ற சந்தா டோக்கன் 500 இருந்தால் ஒரு மாதம் ஓடும், பிளெக்ஸை இஸ்க் கொடுத்துச் சந்தையில் வாங்கலாம். அவன் தாது தோண்டுவது அதற்குத்தான். அப்டேட்டில் அவன் தாது விலை விழுந்தால், அடுத்த மாதம் விளையாட அவன் இரண்டு பங்கு தோண்ட வேண்டும். மெகாசைட்டைப் பற்றி அவன் கேட்டபோது குரலில் இருந்த அவசரம் அதனால் வந்தது.

மெகாசைட்டை விட்டுவிட்டான். இப்போது ஆறு பேர் சேர்ந்து ஒரு மெட்டனாக்ஸ் போடுவதாகத் திட்டம். நேற்று ரசீதின் பின்பக்கத்தில் எரிபொருள் இவ்வளவு, வாயு இவ்வளவு, தாது இன்றைய விலைக்கு இவ்வளவு என்று எழுதிக்கொண்டிருந்தான். மச்சான் காட்டிலிருந்து வந்து, அரிவாள் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்னடா கணக்கு?"

"நிலவுல தாது எடுக்கப் போறோம்ப்பா."

"ஆள் எத்தனை வேணும்?"

"ஆளே வேணாம். மெஷினே எடுக்கும். யாரு வேணும்னாலும் போடலாம்."

"யாரு வேணும்னாலும் போடலாம்னா விலை நிக்காதே" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார். அவன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தான். பிறகு தாது விலையை அடித்துவிட்டு, அதற்குக் கீழே பாதியைப் போட்டு, கணக்கை முதலிலிருந்து ஆரம்பித்தான்.